வெள்ளைக்காரனுக்கு உடைத்த தேங்காய்

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசியில் என் வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, வண்டிக்கும் ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் கார் பந்தயம் ஓட்டிய ஒரு வெள்ளைக்காரனுக்காக அவர் உடைத்த தேங்காய் அழுகிப் போயிருந்தது, அதுதான் காரணம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

மதுரை ரயில்வே ஸ்டேஷன் வாசலில் அவர் அம்பாசிடர் நிற்கும். சவாரி இல்லாத நேரத்தில் மற்றவர்கள் சீட்டு ஆடுவார்கள், இவர் பழைய பேப்பர் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கே கிலோ கணக்கில் வரும் வெளிநாட்டுக் கார் பத்திரிகைகளைக் கடைக்கார பாய் இவருக்கென்று எடுத்து வைப்பார். இங்கிலீஷ் தெரியாது. அதற்கு நான் இருந்தேனே. மாநகராட்சிப் பள்ளியில் டீச்சர், வீட்டுக்கு வந்தால் கார் பத்திரிகைக்கு மொழிபெயர்ப்பாளர். உலை கொதிக்கிறபோது பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். எரிச்சலாக வரும், ஆனாலும் வாசித்துச் சொல்வேன்.

அப்படி ஒரு தை மாதம் வந்த பத்திரிகைக் கட்டுக்குள்தான் அந்த வருஷப் பந்தயங்களின் பட்டியல் இருந்தது. நம்மூர் ரேஸ் மாதிரி பத்து நிமிஷத்தில் முடிகிற சமாச்சாரம் இல்லை. ஆறு மணி நேரம், ஆயிரம் கிலோமீட்டர், ஒன்று மட்டும் ஒரு முழுப் பகலும் ஒரு முழு ராத்திரியும். ஒரு காருக்கு இரண்டு, மூன்று டிரைவர்கள், மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். வருஷம் பூராவும் நாடு நாடாகப் போய் ஓட்டி, கடைசியில் யாருக்குப் புள்ளி அதிகம் என்று பார்ப்பார்களாம். என் வீட்டுக்காரருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

"வேகமாப் போறது பெரிய வித்தையா? வண்டிய நோகாம கொண்டாந்து வீட்டுல சேக்கணும். அவன்தான் டிரைவரு" என்பார்.

படங்களில் ஒரு மஞ்சள் காரைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். அதை ஓட்டிய இருவரில் ஒருவர் வயசாளி, தொப்பையும் மீசையுமாக நம்ம பஸ் ஸ்டாண்ட் டைம்கீப்பர் போல இருப்பார். கியரை மிருதுவாகப் போடுகிறவர், அவர் கையில் வண்டி உடைந்ததே இல்லை என்று எழுதியிருந்ததை வாசித்தேன். அவ்வளவுதான், அந்த மீசைக்காரர் எங்கள் வீட்டு மனுஷராகிவிட்டார்.

பந்தயத் தேதிகள் இருந்த பக்கத்தைக் கிழித்து டாஷ்போர்டில் ஒட்டினார். ஒவ்வொரு பந்தயத்தன்றும் காலையில் ஸ்டாண்டுப் பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய். வெளியூர் சவாரிக்குக் கிளம்பும் டிரைவர்கள் செய்வதுதான், இவர் மீசைக்காரருக்காகச் செய்தார். ஜெயித்தாரா தோற்றாரா என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. நம்ம பேப்பரில் போடமாட்டான், ரேடியோவும் சொல்லாது. "வீடு சேந்திருப்பாரு" என்று இவராகவே முடிவு செய்துகொள்வார்.

"ஒங்க புள்ளையாருக்குப் பாஸ்போர்ட் இருக்கா?" என்று கேட்டேன் ஒரு தடவை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆவணியில் ஒரு பந்தயம். அன்றைக்குக் காலையில் அலங்காநல்லூர் சவாரி, பார்ட்டி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. புதுக் காய் வாங்க நேரமில்லாமல், டிக்கியில் எத்தனையோ நாளாகக் கிடந்த தேங்காயை எடுத்து உடைத்துவிட்டார். ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. உடைந்ததும் குப்பென்று நாற்றம், உள்ளே எல்லாம் அழுகல். பக்கத்தில் நின்ற டிரைவர் தம்பி ஒருவர், "திருஷ்டி கழிஞ்சுச்சுண்ணே, நல்லதுதான்" என்று சொல்லியிருக்கிறார். இவரும் கழுவிவிட்டுச் சவாரி போய்விட்டார். என்னிடம் மூச்சு விடவில்லை.

தீபாவளிக்கு முன்னால் பாய் இன்னொரு கட்டுக் கொடுத்தார். தை மாதக் கட்டை எடைக்குப் போட்ட அதே வீட்டிலிருந்து வந்த பத்திரிகைகள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே வாசித்தேன். மீசைக்காரர் செத்துப்போயிருந்தார். ஒரு வளைவில் கார் சுவரில் மோதி, அந்த இடத்திலேயே. தேதியைக் கேட்டார், சொன்னேன். எழுந்துபோய் டாஷ்போர்டில் இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் அதே நாளில் உடைத்த அழுகல் காயைப் பற்றிச் சொன்னார்.

"ஆட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு மனுசன் உசிருக்கு அழுகக் காய ஒடச்சிருக்கேன்."

"அவரு எங்க ஓட்டுறாரு, ஒங்க காய் எங்க ஒடயுது? கிறுக்கா ஒங்களுக்கு?"

கத்தினேன், கெஞ்சினேன், ஒன்றும் எடுபடவில்லை. சாவி ஆணியில் தொங்கியது. பேரையூர்க் கல்யாணத்துக்குப் பேசியிருந்த சவாரியைத் திருப்பினார். அந்த டிரைவர் தம்பி வந்து, "அண்ணே, நானாச்சும் ஓட்டுறேன், மதினிய ஏன் கஷ்டப்படுத்துறீங்க" என்றதற்கும், "அந்த வண்டி வேண்டாம்டா" என்றார். வண்டிக்கு அடியில் கோழி படுத்தது. பதினாறு வயசிலிருந்து ஸ்டியரிங் பிடித்த மனுஷன், ரேஷன் கடைக்குக்கூடச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்துதான் போனார். இனி இந்த மனுஷன் ஓட்டவே மாட்டாரோ என்று எனக்குத் தோன்றியது.

ஒரு மாதம் பொறுத்தேன். ஒரு சனிக்கிழமை பாயிடம் சண்டை போடவே கிளம்பிப் போனேன்.

"இனிமே அந்தக் காயிதத்த எங்க வீட்டுக்காரர் கையில குடுத்தீங்கன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்."

"டீச்சரம்மா, எடைக்கு வர்றத எடைக்குப் போடுறேன். எம் மேல என்ன குத்தம்?" என்றார் பாய்.

அவருக்குப் பின்னால் கயிற்றில் வழவழ அட்டைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். வெளிநாட்டுப் பத்திரிகை வந்தால் அட்டையை முதலில் உரித்துவிடுவார்கள். பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட வாங்கிப் போவார்கள், அதற்குத் தனி விலை. அதனால்தான் எங்களுக்கு வந்ததெல்லாம் மொட்டைப் புத்தகம். அந்தக் கயிற்றில் கருப்புக் கட்டம் கட்டி மீசைக்காரர் தொங்கினார். கீழே மாதம், பக்கத்தில் வருஷம். போன வருஷம்.

இரண்டு தடவை படித்தேன். உள்பக்கங்களில் தேதியும் மாதமும் போட்டவன் வருஷத்தைப் போடவில்லை. நாங்களும் தை மாதம் கையில் கிடைத்ததை இந்த வருஷத்துப் பட்டியல் என்று நினைத்துவிட்டோம். மனுஷன் செத்து ஒரு வருஷம் கழித்துத்தான் அந்தக் காய் உடைந்திருக்கிறது. அதற்கு முன்னால் உடைத்த நல்ல காய்களும் செத்தவருக்கு உடைத்ததுதான். வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வண்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அட்டையைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார். முகம் தெளியும் என்று காத்திருந்தேன்.

"அப்ப அந்த அழுகக் காயி யாருக்கு?" என்றார்.

நான் இங்கிலீஷ் படித்த டீச்சர்தான், பிள்ளையாருக்குப் பாஸ்போர்ட் கேட்டவள்தான். ஆனால் அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததும் கை தானாகப் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

"நம்ம ரெண்டு பேருக்கும்னு வச்சுக்கங்க. எடுங்க. எழுமலைக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போவோம்."

"இந்தா, எறங்கு."

"எறங்க மாட்டேன்."

"வெளையாடாத புள்ள. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

"அப்பப் பாத்து ஓட்டுங்க."

அவர் ஏறினார். பேட்டரி படுத்திருந்தது. தெருக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். நான் இறங்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான் தள்ளினார்கள்.

செக்கானூரணி தாண்டி, உசிலம்பட்டி தாண்டி, மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். ஹாரன்கூட அடிக்கவில்லை. இரண்டு டவுன் பஸ்ஸும் ஒரு சைக்கிள்காரனும் எங்களை முந்திப் போனார்கள். எழுமலையில் அம்மா வீட்டு வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்ட பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பயந்துட்டேன் புள்ள" என்றார்.

"நானுந்தான்" என்றேன்.