வாஞ்சிநாதன் ஒழுங்குபடுத்திய சாவுகள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகுக் கிடங்குக்கும் சுக்குக் கிடங்குக்கும் நடுவே ஒரு மரப்படி ஏறும். ஏறிப் போனால் வாஞ்சிநாதனின் போட்டோ ஸ்டூடியோ. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே படமெடுத்துக்கொள்ளப் போனவர்கள் யாரும் தங்கள் சொந்த முகத்தோடு திரும்பி வந்ததில்லை. தாடையைத் தூக்குவார், தோளை இறக்குவார், தொந்தியை உள்ளே இழுக்கச் சொல்லி மூச்சு முட்ட வைப்பார். சீப்பு, பவுடர் டப்பா, எல்லோருக்கும் பொதுவான ஒரு கறுப்புக் கோட்டு ஆகியவை தயாராக இருக்கும். அந்தப் படத்தை நம்பிப் பார்க்க வந்த பெண் வீட்டார், மாப்பிள்ளையிடமே மாப்பிள்ளை எங்கே என்று கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. வாஞ்சிநாதன் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

பாலக்காட்டிலிருந்து அப்பா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்த ஒன்று. இப்படி மாப்பிள்ளைகளைத் திருத்திக்கொண்டு நிம்மதியாகவே காலம் தள்ளியிருப்பார். அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் லத்தி இருந்தது, துப்பாக்கி இருந்தது, காமிரா மட்டும் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. யாராவது சந்தேகப்படும்படி செத்துப்போனால் ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து படியடியில் மணியடிப்பார். வாஞ்சிநாதன் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். கொஞ்ச நாளில் ஸ்டூடியோ பலகையில் 'போலீஸ் போட்டோகிராபர்' என்று ஒரு வரி சேர்ந்தது. அதைச் சேர்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

செத்தவர்களைப் போல நல்ல வாடிக்கையாளர்கள் அவருக்கு வாய்த்ததே இல்லை. கண்ணைச் சிமிட்டுவதில்லை, அவசரப்படுத்துவதில்லை, நன்றாக விழவில்லை என்று படத்தைத் திருப்பிக் கொடுப்பதுமில்லை. எனவே உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்ததை அவர் இவர்களுக்கும் மனமாரச் செய்தார். தலையைச் சீவுவார், சட்டைப் பித்தானைப் போடுவார், வேட்டியை இழுத்துவிடுவார். கவிழ்ந்து கிடக்கும் ஸ்டூலை நிமிர்த்துவார், உடைந்த கண்ணாடியை ஓரமாகக் கூட்டச் சொல்வார். எல்லாம் லட்சணமாக அமைந்த பிறகுதான் பொத்தானை அழுத்துவார்.

குற்றம் நடந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி யாரையும் உள்ளே விடக்கூடாது என்று போலீஸ் பாடத்தில் இருக்கிறதாம். மட்டாஞ்சேரியில் கயிற்றுக்குப் பதில் கூட்டம்தான் சுற்றி நிற்கும், அதுவும் உள்பக்கமாக. ஆகவே வாஞ்சிநாதன் செய்ததில் யாருக்கும் தவறு தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் ராமபத்ரனுக்கு அந்தப் படங்கள் ரொம்பப் பிடிக்கும், கோர்ட்டில் தெளிவாகத் தெரியும் என்பார். செத்தவரின் வீட்டார் சட்டம் போட்டு மாட்ட ஒரு பிரதி கேட்பார்கள். மனைவி கமலாக்ஷி ஒருத்திதான் குறை சொன்னாள். அவர் திரும்பி வந்தால் நேரே கொல்லைக் கிணற்றடிக்குத்தான் அனுப்புவாள். செத்தவனையாவது அவன் இஷ்டப்படி படுக்க விடக்கூடாதா என்று வாளியை நகர்த்திக்கொண்டே கேட்பாள். கலை தெரியாதவளிடம் என்ன பேச்சு என்று வாஞ்சிநாதன் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்வார்.

எழுபத்தொன்பதாம் வருஷத்து மழைக்காலத்தில் ஒரு காலை, மிளகுக் கிடங்கு ஒன்றைத் திறக்க வந்த காவல்காரர் உள்ளே ஒச்சப்பன் செத்துக் கிடப்பதைப் பார்த்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன், மூட்டை தூக்குகிறவன், பள்ளுருத்தியில் தங்கச்சி பேச்சியின் வீட்டுக்கு அடுத்த அறையில் குடியிருந்தவன். முந்தின சாயங்காலம் கடைசி மூட்டைகளை அடுக்க அவன் மட்டும் கிடங்கில் நின்றிருந்தான். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

வாஞ்சிநாதன் காமிராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். மனம் நொந்துபோனார். மூட்டை அடுக்கின் அடியில் ஒச்சப்பன் கிடந்தான். அவன் மேல், புதிதாகப் பச்சை எனாமல் பெயிண்ட் அடித்த ஒரு நீள ஏணி குறுக்காக விழுந்து கிடந்தது. படத்தை அது மூலைக்கு மூலை அறுத்துக் கெடுத்தது. முகமே தெரியவில்லை என்று அவர் சலித்துக்கொள்ள, இன்ஸ்பெக்டர் ராமபத்ரன் தாமே குனிந்து ஏணியின் ஒரு தலைப்பைப் பிடித்தார். மறு தலைப்பை வாஞ்சிநாதன் பிடித்தார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் ஒழுங்காகச் சாத்தினார்கள். பிறகு பிணத்துக்கு வழக்கமான உபசாரங்கள் நடந்தன. பிறகு படம். அதற்கும் பிறகு, எழுத்தர் மகஸர் எழுதினார். கிடங்கில் கண்டவை இன்னின்ன, எதிர்ச்சுவரில் சாத்தப்பட்ட ஏணி ஒன்று.

படங்கள் மேஜைக்கு வந்ததும் இன்ஸ்பெக்டரின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது தினமும் நடக்கிற காரியமில்லை. ஏணி அந்தச் சுவரில் இருக்கிறது. ஆகவே ஒச்சப்பன் அடுக்கில் ஏறவில்லை. ஏறாதவன் விழ முடியாது. விழாதவன் மண்டை உடைந்து கிடக்கிறான் என்றால் யாரோ அடித்திருக்கிறார்கள். யார் என்று சாயாக்கடை சொன்னது. முந்தின நாள் பேச்சியின் புருஷன் சங்கிலிப்பாண்டிக்கும் ஒச்சப்பனுக்கும் அங்கே பெரிய சண்டை. ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போக அண்ணனுக்கு ஆசை, அனுப்பப் புருஷனுக்கு மனமில்லை. உன்னை உயிரோடு விடமாட்டேன் என்று சங்கிலிப்பாண்டி கத்தியிருக்கிறான். அந்தச் சாயாக்கடையில் சாயாவுக்கு அடுத்தபடி அதிகம் செலவாவது அந்த வார்த்தைதான். ஆனாலும் மச்சானின் அடக்கத்துக்குப் பாடை கட்டிக்கொண்டிருந்தவனைக் கொலைகாரன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். கிடங்குக் கதவின் இரும்புக் குறுக்குச் சட்டம் ஆயுதம் ஆயிற்று. அதில் ரத்தமில்லை. ரத்தமில்லாததே கழுவிவிட்டான் என்பதற்குச் சாட்சி ஆயிற்று. உயரத்திலிருந்து விழுந்தாலும் கனமாக அடித்தாலும் இப்படிக் காயம் ஏற்படும் என்று டாக்டர் எழுதியிருந்தார். இன்ஸ்பெக்டர் பின்பாதியை மட்டும் வாசித்தார்.

ஏணியைத் தூக்கிய இருவருக்கும் அது எப்படி மறந்தது என்று கேட்கலாம். வாசலில் குறுக்கே கிடக்கும் செருப்பைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போகிறோம், அதை யாராவது ஞாபகம் வைத்துக்கொள்கிறோமா? பிணத்தின் மேல் கிடந்த ஏணியும் அவர்களுக்கு அவ்வளவுதான். ஒழுங்குபடுத்துவதை நம் ஆட்கள் ஒரு காரியமாகவே கணக்கில் சேர்ப்பதில்லை.

கைரேகை நிபுணர் சிவராமகிருஷ்ணன் திருவனந்தபுரத்திலிருந்து சாவகாசமாக வந்து சேர்ந்தார். கிடங்கில் தூள் தூவி, தூரிகையால் தடவிப் பார்த்தார். புது எனாமலில் ரேகைகள் அச்சுக் குத்தியதுபோல எழுந்தன. ஒச்சப்பனுடையவை இருந்தன. ஏணியின் இரு தலைப்பிலும் வேறு இரண்டு பேருடையவை இருந்தன. சங்கிலிப்பாண்டியுடையது ஒன்றுகூட இல்லை. உள்ளே வந்துபோன எல்லோருடைய ரேகையும் எடுத்து ஒப்பிட்டுக் கழித்தீர்களா என்று நிபுணர் கேட்டார். போலீஸ்காரன் விரலில் யாராவது மை தடவுவார்களா என்று ராமபத்ரன் சிரித்தார். சங்கிலிப்பாண்டிக்குக் கூட்டாளிகள் இருவர் உண்டு என்று அன்றே முடிவு கட்டினார். பள்ளுருத்தி முழுக்கத் தேடினார்கள். ஆலுவா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த இரண்டு தமிழ்க் கூலிக்காரர்களைப் பிடித்து விசாரித்தார்கள். அவர்கள் செய்த குற்றம், இரண்டு பேராக இருந்தது.

ரேகைகளை நெருக்கத்தில் படமெடுத்துப் பெரிதாக்கும் வேலை வாஞ்சிநாதனிடமே வந்தது. வேலையைச் சொன்னபோது சிவராமகிருஷ்ணன் பேச்சோடு பேச்சாகத் தன் தொழில் தர்மத்தையும் சொன்னார். உள்ளே வருகிறவன் எவனும் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவான், எதையாவது ஒட்டிக்கொண்டுதான் போவான், அதனால் தொடுவதற்கு முன்னால் படம், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்றார். வாஞ்சிநாதன் பலமாகத் தலையாட்டி ஆமோதித்தார். தாமும் அப்படித்தான் என்று அந்த நிமிஷம் அவர் உண்மையாகவே நம்பினார்.

மறுநாள் பகலில் இருட்டறையின் சிவப்பு விளக்கடியில், தட்டிலிருந்த காகிதத்தில் ஒரு கட்டைவிரல் மெல்ல எழுந்து வந்தது. வரிகளுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு தழும்பு. என்றைக்கோ காகிதம் வெட்டும் கத்தி அதே மாதிரி அவர் விரலையும் கிழித்திருந்தது. வாஞ்சிநாதன் தம் கட்டைவிரலைக் காகிதத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். கொலைக்கு உடந்தையான விரல் அதுதான். பச்சை ஏணி ஞாபகம் வந்தது, மறு தலைப்பில் காக்கிச் சட்டைக் கையும் ஞாபகம் வந்தது. காகிதத்தைத் தட்டிலிருந்து எடுக்க மறந்தார். காகிதம் தட்டிலேயே கறுத்துப் பாழாயிற்று.

இன்ஸ்பெக்டரிடம் ஓடினார். ராமபத்ரன் முழுவதும் கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

"வாஞ்சி, ஏணி சுவரிலாணு இருந்தது. படத்துல இருக்கில்லே? படம் பொய் சொல்லுமோ?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "வேறே மாதிரி சொன்னா, அந்த ரேகை உன்னோடதுன்னு நீயே சொல்றே. பின்னே உன்னையும் உள்ளே வைக்கணும்."

வாஞ்சிநாதன் வாயை மூடிக்கொண்டு திரும்பினார். பெரிய தீரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஸ்டூடியோ ஜன்னலைத் திறந்தால் எதிரே சுக்குக் கிடங்கு, அதன் முற்றத்தில் சுக்குப் பொறுக்கும் பெண்களுக்கு நடுவே பேச்சி. அண்ணனைப் புதைத்தாயிற்று. புருஷன் ஜெயிலில். அண்ணனைக் கொன்றவனுக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்று பிறந்த வீட்டார் அவள் முகத்தில் விழிப்பதில்லை. தூக்கா ஆயுளா என்பதுதான் பாக்கி என்று பஜாரே பேசிக்கொண்டது. வாஞ்சிநாதன் ஜன்னலைச் சாத்திப் பார்த்தார். புழுக்கம் தாங்கவில்லை.

மறு வருஷம் வழக்கு எர்ணாகுளம் கோர்ட்டுக்கு வந்தது. அரசு வக்கீல் படங்களை நீட்டி, கண்டது கண்டபடி எடுத்ததுதானே என்று கேட்டார். எல்லா வழக்கிலும் கேட்கிற கேள்வி, எல்லா வழக்கிலும் ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கு முன் மட்டாஞ்சேரிக்குப் படகேறிவிடுவது வழக்கம். வாஞ்சிநாதன் படத்திலிருந்து கண்ணை எடுத்தார். கதவோரம் தரையில் பேச்சி உட்கார்ந்திருந்தாள்.

"இல்லை," என்றார். "ஏணி அவன் மேலயாக்கும் கெடந்தது. படம் நன்னா விழணும்னு நான்தான் எடுத்துச் சாத்தி வெச்சேன்."

சாட்சிக்கு உடம்பு சரியில்லை என்று அரசு வக்கீல் அவசரமாகச் சொல்லிப் பார்த்தார். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவ்வளவு நீள ஏணியைத் தனியாளாகவா தூக்கினீர் என்று கேட்டார்.

"தனியா முடியாது. அந்தத் தலைப்பை இன்ஸ்பெக்டர் சாராக்கும் பிடிச்சார்."

ராமபத்ரன் கூரையில் சுற்றும் விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிவராமகிருஷ்ணன் அங்கேயே இருந்ததால் மைப்பெட்டி வந்தது, இருவரின் விரல்களும் காகிதத்தில் உருண்டன. ஏறக்குறைய ஒரு வருஷமாகத் தேடப்பட்ட கூட்டாளிகள் இருவரும் கோர்ட்டிலேயே கிடைத்துவிட்டார்கள். தேடியவரும் அவர்களில் ஒருவராக இருந்ததில் சர்க்காருக்கு அலைச்சல் மிச்சம். ராமபத்ரனைப் பின்னால் மலைப்பக்கம் மாற்றினார்கள், அங்கே அவருக்குப் பதவி உயர்வும் வந்தது. ஸ்டேஷனுக்குச் சொந்தமாகக் காமிரா வாங்கினார்கள். வாஞ்சிநாதனின் பலகையிலிருந்து ஒரு வரி போயிற்று.

தீர்ப்புச் சொல்லி சங்கிலிப்பாண்டியை விடுவித்த அன்று வாஞ்சிநாதன் கோர்ட்டு வராந்தாவில் நின்றார். பேச்சி காலில் விழுவாள், எழுந்திரும்மா என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தார். சொல்ல வேண்டிய குரலைக்கூட மனசுக்குள் சரிசெய்து வைத்திருந்தார். புருஷன் பக்கத்தில் நிற்க அவள் வந்தாள். காலில் விழவில்லை.

"சாமி, உள்ள அந்தப் படத்தக் காமிச்சாக. எங்கண்ணே நெஞ்சுல கைய வச்சு, கண்ண மூடி, தூங்குறாப்ல கெடந்தான். அப்படித்தே கெடந்தானா, இல்ல நீங்க படுக்க வச்சீகளா?"

கோர்ட்டு அதைக் கேட்டிருக்கவில்லை. ஏணியோடு அவர்கள் காரியம் முடிந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை, இத்தனை வருஷமாகக் கூசாமல் சொல்லி வந்த வார்த்தைதான். ஆனால் கோர்ட்டில் உண்மை சொன்ன சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"கண் தெறந்துதான் இருந்தது. ஒரு கை கதவுப் பக்கமா நீண்டிருந்தது. நான்தான் மடக்கி வெச்சேன்."

பேச்சி தன் கையைப் பார்த்தாள். சுக்குத் தோல் ஒட்டி வெடித்த விரல்களை ஒருமுறை நீட்டினாள், மடக்கினாள்.

"அப்ப விழுந்த ஒடனே சாகலை," என்றாள். "கதவத் தொறக்க யாராச்சும் வருவாகன்னு கெடந்திருக்கான்."

புருஷனைக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். சங்கிலிப்பாண்டி பின்னாலேயே போனான். வாஞ்சிநாதன் வராந்தாவில் நின்றுகொண்டு, ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வருத்தப்பட்டார்.