அமுதாவின் கடைசி அத்தியாயம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டு வாசலில் ஒரு மனிதர் ஒரு நாவலை மஞ்சள் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

நாவலை! மெட்ராஸிலிருந்து கப்பலில் வருகிற, பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற, அட்டையில் படகுப் படம் போட்ட நாவலை!

வந்தவர் கோபால் பிள்ளை. மலாக்காவில், காஜா பேராங்கில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் இருப்பவர். மலாக்கா செட்டிகளைப் பற்றி இந்தப் பத்திரிகையின் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வரி... பேர் தமிழ், சாமி தமிழ், வாயைத் திறந்தால் மலாய். கோபால் பிள்ளைக்குத் தெரிந்த தமிழெல்லாம் கோயிலில் காதில் விழுகிற தமிழ்தான். அதனால் தமிழ் எழுத்து எங்கே இருந்தாலும் அவருக்கு அது சாமி சமாசாரம். சோப்பு விளம்பரத்தைக்கூடக் காலில் படவிட மாட்டார்.

"அபாங்" என்றார். அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பது வேறு விஷயம். அவர் பேசியது முழுக்க மலாய். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"இந்தப் புக்குல அமுதா நர்ஸ் படிக்கப் போறாளாமே? அவ அப்பாவே ஃபாரத்துல கையெழுத்துப் போட்டாராமே? பெத்துல் கா? நெசந்தானா?"

எந்த நர்ஸ், எந்த ஃபாரம் என்று கேட்க வாயைத் திறந்தேன். உள்ளே சமையலறையில் பானை மூடி ஒன்று டமால் என்று விழுந்தது. கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது. தானாக விழுகிற மூடிக்கும் வேண்டுமென்றே போடுகிற மூடிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அவர் மகள் லெட்சுமிக்குப் பதினேழு வயது. கான்வென்டில் படித்து முடித்துவிட்டாள். பினாங்கில் நர்ஸ் டிரெய்னிங் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்பா கையெழுத்து இல்லாமல் ஃபாரம் செல்லாது. திங்கட்கிழமை காலை தபாலில் சேர்த்தாக வேண்டும். கோபால் பிள்ளை ஒரு மாதமாக முடியாது என்கிறார். கடைசியில் அந்தப் பெண், "தமிழ்ப் புக்குலயே இருக்கு, அமுதா போனா, அவ அப்பா சம்மதிச்சாரு" என்று சொல்லிவிட்டாள்.

"தமிழ்ப் புக்கு பொய் சொல்லாது" என்றார் கோபால் பிள்ளை. "சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. சாமி விளக்கு முன்னால நீங்களே படிச்சுச் சொல்லுங்க. இருந்தா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா அந்தப் பேச்சே வேணாம்."

புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

தமிழ்ப் புக்கு பொய் சொல்லாதாம்! தமிழ்ப் புத்தகங்களையே படித்து முடி நரைத்த நான் என்ன சொல்வது?

இந்த அமுதா யார் என்று சொல்ல வேண்டும். புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு வாசகி பல வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் — இளைஞர் நாவல்களில் உங்களுக்குப் பிடித்த பாத்திரம் யார், ஏன் என்று. நாற்பத்தைந்து வயதில் ஒரு ரப்பர் கடை கிளார்க் பிள்ளைகள் புத்தகம் படிக்கலாமா என்று கேட்காமல் விட்டாரே, அதற்கே நன்றி. பதில்: அமுதா. சந்தேகமே இல்லை.

ஆற்றங்கரை ஊர்ப் பெண். பதினாறு வயது. அண்ணன் தண்ணீரில் போனதைக் கண்ணால் பார்த்தவள், ஆற்றைக் கண்டாலே கை நடுங்கும். வெள்ளம் வந்து, அக்கரையில் காய்ச்சல் பரவி, மருந்தைக் கொண்டுபோக ஆளில்லாதபோது அந்தப் பெண் படகைத் தள்ளுகிறாள். வீரமாக அல்ல! அழுதுகொண்டே, சாமியைத் திட்டிக்கொண்டே, இனிமேல் செத்தாலும் வர மாட்டேன் என்று கத்திக்கொண்டே. மறுநாள் மறுபடியும் போகிறாள்.

அதுதான் எனக்குப் பிடித்தது. பயமே தெரியாத கதாநாயகர்களால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. முதலாளி குரலை உயர்த்தினாலே எனக்குத் தொண்டை அடைக்கும். நடுங்குகிற கையாலும் வேலை நடக்கும் என்று எனக்குச் சொன்னவள் அமுதாதான். சம்பள உயர்வு கேட்டு முதலாளி அறைக்குள் போனபோது அவளைத்தான் நினைத்துக்கொண்டேன். உயர்வு கிடைக்கவில்லை. ஆனால் போனேன்!

இப்பேர்ப்பட்ட பெண்ணை அந்த எழுத்தாளர் கடைசி அத்தியாயத்தில் என்ன செய்தார்? மாமன் மகன் வருகிறான். கல்யாணம். புத்தகப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு உலை வைக்கப் போகிறாள். சுபம்!

ஏன் ஐயா? பதினெட்டு அத்தியாயம் வெள்ளத்தில் படகு தள்ளவிட்டீர்களே, ஒரு பெட்டியை அவள் கையில் விட்டுவைக்கக்கூடாதா? நம் எழுத்தாளர்களுக்கு இது ஒரு வியாதி. கதாநாயகி எங்கே போவாள் என்று தெரியாவிட்டால் சமையலறைக் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

சரி, நர்ஸ் எங்கிருந்து வந்தாள்? சமையலறைக்குப் போனேன். என் மனைவி சரசு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் காஜா பேராங்கிலேயே பிறந்து வளர்ந்தவள், செட்டி வீட்டு மலாய் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. செவ்வாய், வெள்ளி மத்தியானங்களில் கோபால் பிள்ளை வீட்டுச் சமையலறையில் பெண்கள் சம்பல் இடிக்கும்போது, இவள் தமிழ் நாவலை மடியில் வைத்துக்கொண்டு மலாயில் சொல்வாள். நல்ல சேவை என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அமுதா நர்ஸ் படிக்கப் போனாளா?"

"போனா."

"எந்தப் பக்கத்துல?"

"பக்கமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் அனுப்பி வச்சேன்."

எனக்கு வந்ததே கோபம். இதே பத்தியில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் — எழுதினவன் எழுதினதுதான் கதை, ஒரு கமாவைத் தொடக்கூட அடுத்தவனுக்கு உரிமை இல்லை என்று! அச்சுக்கோர்ப்பவர்கள் என்னைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறார்கள். என் வீட்டிலேயே இப்படியா?

"மாத்துறதுக்கு நீ யாரு?"

"அந்தக் கடைசிப் பக்கத்தை அங்க உக்காந்து எப்படிங்க படிக்கிறது? லெட்சுமி இடிக்கிறதக்கூட நிறுத்திட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கா. பெட்டியப் பரண்ல போட்டான்னு நான் சொல்லணுமா? என்னால முடியல லா."

"அதுக்காக..."

"நீங்க அதப் படிச்சு முடிச்சப்ப என்ன செஞ்சீங்க? புக்கச் செவத்துல எறிஞ்சீங்க. நான் எறியல. திருத்தினேன்."

பதில் இல்லாதபோது ஆண்கள் செய்வதை நானும் செய்தேன்... சட்டையை மாட்டிக்கொண்டு பாசாருக்குப் போய், தேவையில்லாத வெங்காயம் வாங்கிவந்தேன்.

சாயங்காலம் போனேன். முன் அறையில் விளக்கு ஏற்றியிருந்தது. வெற்றிலை, பழம் வைத்த பித்தளைத் தட்டில் நடுநாயகமாக அந்த நாவல். கோபால் பிள்ளை குளித்து, திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். உள்கதவில் நாலைந்து பெண்கள், அவர்களுக்கு முன்னால் லெட்சுமி. ஃபாரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவள் கை நடுங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

இவர்களில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. பொய் சொன்னால் கண்டுபிடிக்க ஆளில்லை. அதுதான் பெரிய தொல்லை! கண்டுபிடிக்க ஆளிருந்தால் மனிதன் சுலபமாக யோக்கியனாக இருந்துவிடலாம்.

கடைசிப் பக்கத்தைத் தமிழில் சத்தமாகப் படித்தேன். மாமன் மகன் வந்தான். மாலை மாற்றினார்கள். பெட்டி பரணுக்குப் போனது. கோபால் பிள்ளை கண்ணை மூடிக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லுது, அபாங்?"

விளக்கைப் பார்த்தேன். லெட்சுமியைப் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன், பார்த்துவிட்டேன். மெர்டேக்கா வந்து வருஷம் ஒன்றாகிவிட்டது. ஊரெல்லாம் சுதந்திரம், சுதந்திரம் என்று பேசுகிறோம். இந்தப் பெண் பினாங்கு போவதற்கு மெட்ராஸில் யாரோ ஒருவர் அவசரத்தில் எழுதிய கடைசிப் பக்கமா குறுக்கே நிற்பது?

"அமுதா நர்ஸ் படிக்கப் போனா" என்றேன் மலாயில். "அவ அப்பா முதல்ல ரொம்ப யோசிச்சாரு. ராத்திரியெல்லாம் தூங்கல. மக எங்க படுப்பா, யாரு சோறு போடுவாங்கன்னு கவலை. அப்புறம் அவரே கையெழுத்துப் போட்டாரு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது, பொய் சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று! அப்பா அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார் என்றேன். பெட்டியை அவரே தூக்கினார் என்றேன். ரயில் கிளம்பும்போது ஒரு டின் நிறைய டோடோல் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்து, "வாரம் ஒரு கடுதாசி போடு" என்றார் என்றேன். அந்த இடத்தில் என் குரலே கம்மிவிட்டது.

உள்கதவில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

கோபால் பிள்ளை கையை நீட்டினார். லெட்சுமி ஃபாரத்தைக் கொடுத்தாள். அவர் விளக்குப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஃபாரத்தோடு உள்ளே ஓடினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

வாசல் கேட் வரை என்னோடு வந்தார். தோளில் கை வைத்தார்.

"தமிழ்ல ஒரு பக்கந்தான் படிச்சீங்க, அபாங். மலாயில ரொம்ப நேரம் சொன்னீங்களே?"

"அது... மலாயில கொஞ்சம் விரிச்சுச் சொல்லணும்" என்று மென்று விழுங்கினேன்.

"ம்ம்" என்றார். "மெட்ராஸ்ல டோடோல் கிடைக்குமா?"

மலாக்காவில் கிண்டுகிற இனிப்பு அது. அந்த எழுத்தாளர் அதன் பேரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்!

கோபால் பிள்ளை சிரிக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டே சொன்னார்:

"லெட்சுமி ரயில் ஏறும்போது ஒரு டின் வாங்கணும். எது நல்ல கடைன்னு சொல்லுங்க."