கொல்லிமலையில் துரை போட்ட தூண்டில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் நாமக்கல் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. புது மனைவி சேலத்தில், பிறந்த வீட்டில். என் மாற்றல் மனு எங்கள் வெள்ளைக்கார அதிகாரி துரையின் மேசையில். எங்களைச் சேர்த்துவைக்கும் அதிகாரம் இப்பூவுலகில் அவர் ஒருவருக்கே இருந்தது.

துரை நீலகிரியிலிருந்து வந்தவர். அங்கே மலை ஓடைகளில் டிரவுட் மீன் பிடித்த கை, இங்கே காகிதக் கட்டுகளைப் பிடித்துத் துவண்டு கிடந்தது. இந்தப் பக்கம் மலையில் மீன் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கொல்லிமலையில் மீன்கள் ஆளைக் கண்டால் ஓடிவரும் என்றேன். ஏன் ஓடிவரும் என்று சொல்லவில்லை. அது கோயிலை ஒட்டிய ஓடை. மீன்களைச் சாமியாக நினைத்து ஜனங்கள் பொரி போடுவார்கள், பிடிக்க மாட்டார்கள். கோயிலைத் தாண்டி மேலே கூட்டிப் போய்விடலாம் என்பது என் திட்டம்.

துரை கோயிலைத் தாண்டவில்லை. மீன்களைப் பார்த்ததும் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். இறகு கட்டி ஈயைப்போலச் செய்த முள்ளை நீளக் கயிற்றில் வீசி வீசி எறிந்தார். மீன்கள் கூட்டமாக வந்து முகர்ந்தன. பொரி இல்லையென்று திரும்பிவிட்டன. ஒன்று மாட்டினால் ஜனங்கள் என்னை உரித்துவிடுவார்கள். மாட்டாவிட்டால் மாற்றல் போச்சு. சாமியிடம் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. ராசிபுரத்துப் பக்கத்து அம்மாள் ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க சாமி, தொரை எதுக்குங்க தண்ணிய இந்த அடி அடிக்கறாரு?"

"வேண்டுதலுங்க. மீனுக்கு ஈ ஊட்டுறாரு."

"பொரி திங்கற மீனு ஈயத் திங்குமாக்கும்! என்ன வேண்டுதலுங்க?"

"புள்ளை வரம்" என்றேன், வாயில் வந்ததை.

"அடப் பாவமே, தலை நரைச்சதுக்கு அப்புறமா!" மடியிலிருந்த பொரியை அள்ளித் துரையின் கையில் திணித்தாள். "இதப் போடுங்க சாமி. அடுத்த ஐப்பசிக்குள்ள உங்க ஊட்டுல தொட்டில் ஆடும்."

துரை ஒரு கணம் அவளைப் பார்த்தார். தூண்டிலைக் கரையில் வைத்துவிட்டுப் பொரியைத் தூவினார். ஓடை கொதித்தது. ஜனங்கள் அரோகரா போட்டார்கள். துரை அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மலையிறங்கினோம். அடிவாரத்தில், கச்சேரியில் ஒரு நாளும் தமிழ் பேசாத அந்த மனிதர், பரீட்சைக்குப் படித்த தமிழில் சொன்னார்:

"எமக்கு ஐந்து பிள்ளைகள் உளர். இனி வரம் வேண்டா. உமது வேண்டுதல் யாது?"

அடுத்த பொய்க்குத் தெம்பில்லை. "மனைவி சேலத்தில் இருக்கிறாள்" என்றேன்.

மாற்றல் கிடைத்தது. அன்றிலிருந்து என் பொய் ஏதாவது பலித்தால் அதை என் சாமர்த்தியம் என்று நான் நம்புவதில்லை. எதிரில் இருப்பவர் எல்லாம் தெரிந்தே பெரிய மனது பண்ணுகிறாரோ என்றுதான் தோன்றுகிறது.