பின்பக்கத்து ஃபேன்

ரேணுகாதேவிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் நெல்லிவாசல்நாட்டில் சொல்லுவார்கள். கடைக்குள் கட்டுவிரியன் புகுந்தபோது அதன்மேல் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஒருவருக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்தவள் அவள். படவேட்டில் பிறந்து, ஜீப் ஓட்டும் சந்திரனைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அவ்வளவுதான் கடை. சுற்றியிருக்கும் குக்கிராமங்களுக்கெல்லாம் ஆன்லைன் வேலை என்றால் அவள்தான். ஆனால் ஒரு வருடமாக அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதைச் சந்திரனிடம்கூட அவள் சொன்னதில்லை.

போன வருடம் நர்சிங் சேர்க்கைக்குக் கடைசி நாள். அம்மாக்கண்ணுவின் மூத்த மகள் அன்பரசிக்குப் பாதி விண்ணப்பம் அடித்திருக்கும்போது கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்தது. அடித்ததெல்லாம் போச்சு. முதலிலிருந்து அடித்தாள், மறுபடியும் அணைந்தது. மணி ஐந்தாகி, விண்ணப்பிக்கும் நேரமும் முடிந்துவிட்டது. "கரண்ட் சரியில்லக்கா" என்றாள் ரேணுகா. அம்மாக்கண்ணு நம்பினாள். அன்பரசி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். எல்லாம் சரிதான், ஆனால் அந்த நேரத்தில் தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. ரேணுகா கவனித்தாள்.

மழையும் பனியும் வந்தபிறகு கம்ப்யூட்டர் பெட்டி சமர்த்தாக ஓடியது. இனி ஒன்றும் ஆகாது என்று அவளும் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

இந்த வருடம் மறுபடியும் அதே கடைசி நாள். மதியம் இரண்டரைக்கு அதே அம்மாக்கண்ணு, இளைய மகள் பூவிழியைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். சான்றிதழ் அன்றைக்குத்தான் கைக்கு வந்ததாம்.

"இன்னாம்மா தேவி, கரண்ட் இருக்குதில்ல?" என்றாள்.

ரேணுகா சிரித்து வைத்தாள். பன்னிரண்டாவது நிமிடம், தகப்பன் பெயரை அடிக்கும்போது, திரை கறுத்தது. ரேணுகா கம்ப்யூட்டரை மறுபடியும் போட்டாள். இந்தமுறை ஒன்பது நிமிடம்கூடத் தாங்கவில்லை. விண்ணப்பத்துக்கு அரைமணி நேரமாவது வேண்டும். போனில் அந்த இணையப்பக்கம் திறக்கவே திறக்காது. ஆலங்காயத்துக்கு இறங்கலாம் என்றால் அந்த நேரத்துக்கு வண்டி கிடையாது.

ஆலங்காயத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சிவசங்கருக்குப் போன் போட்டாள். "ஹீட்டானா அது தானா ஆஃப் ஆய்டுங்க. பிளக்கைப் புடுங்கிட்டு, பக்கத்து மூடியைக் கழட்டிப் பாருங்க. காத்து எங்கயோ அடைச்சிருக்கும்" என்றான் அவன்.

மூடியைத் தொட்டாள். தோசைக்கல் கணக்காய்ச் சுட்டது. கழற்றினால் உள்ளே தூசி. அதைவிடப் பின்பக்கத்து ஃபேனின் கம்பிவலை முழுக்கச் சாமை உமி. பெட்டியின் முதுகு ஜன்னலைப் பார்த்திருக்கும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பின்வீட்டில் இருக்கும் அவள் கூட்டாளி தமிழரசி தினமும் சாமை புடைப்பாள். உமி பறந்து வருவது புதிதில்லை. ஆனால் காற்றை வெளியே தள்ளுகிற ஃபேனில் உமி எப்படி ஒட்டும்?

அப்போதுதான் அவளுக்குத் திக்கென்றது.

ஃபேன் வெளியே தள்ளவில்லை, உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அதைத் திசை மாற்றி மாட்டியதே அவள்தான். போன வருடம் சித்திரையில் தூசி தட்டக் கழற்றியவள், ஜன்னலில் சிலுசிலுவென்று மலைக்காற்று வந்ததைப் பார்த்து, இத்தனை குளிர்ச்சியை வீணாக்குவானேன், இதுவும் உள்ளே போகட்டுமே என்று மாட்டினாள். படவேட்டு வெயிலில் வளர்ந்தவளுக்கு மலைக்காற்று என்றால் அப்படியொரு மதிப்பு. முன்பக்கத்து ஃபேனிலும் காற்று உள்ளே, பின்னாலும் காற்று உள்ளே. சூடு எந்த வழியாகப் போகும்? காற்று எதிரும் புதிருமாக அடித்தால் உமி நெல்லின் மேலேயே வந்து விழும் என்று களத்தில் நின்று தூற்றியவளுக்குத் தெரியாதா? தெரியும். இந்தப் பெட்டிக்குள் மட்டும் புத்தி போகவில்லை.

அன்பரசியின் படிப்பைத் தின்றது கரண்ட் இல்லை.

பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள். நான்கு திருகாணிகள். ஒன்று கைநழுவிக் கீழே விழ, பூவிழி தேடி எடுத்துக் கொடுத்தாள். ஃபேனைத் திருப்பி மாட்டிப் பெட்டியை மூடி, பிளக்கைச் செருகினாள். வலதுகை தட்டச்சு செய்ய, இடதுகையைப் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். வெதுவெதுவென்று காற்று வெளியே வந்தது. பன்னிரண்டு நிமிடம் தாண்டியது. இருபது தாண்டியது. ஒவ்வொரு நிமிடமும் இதோ அணையப்போகிறது, இதோ அணையப்போகிறது என்றுதான் இருந்தது அவளுக்கு. நாலு பத்துக்குப் பூவிழியின் விண்ணப்ப எண் திரையில் வந்தது.

"நல்லா இருப்பேம்மா" என்று அம்மாக்கண்ணு அவள் கையைப் பிடித்தாள். "போன வருசந்தான் அந்தப் பாழாப்போன கரண்ட் இல்லாம..."

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? யாருக்கும் தெரியாது. அதுதான் ரேணுகாவைப் பயமுறுத்தியது.

"யக்கா, போன வருசம் கரண்ட் போவல. நான்தான் ஃபேனைத் தப்பா மாட்டிட்டேன். இப்பதான் தெரிஞ்சிது. ஆனா கரண்ட் போவலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

அம்மாக்கண்ணுவின் பிடி தளர்ந்தது. "அடிப்பாவி" என்றாள். "எம்பொண்ணு அங்க நாள் முச்சூடும் நின்னுகினே துணி மடிக்கிறா. காலு வீங்கிப் போவுதுன்னு போன்ல அழுவுறா. உனக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

பூவிழிதான் மெல்லக் கேட்டாள்: "யக்கா, இந்த வருசம் அக்காவும் போடலாமில்ல?"

போடலாம். அன்பரசியின் போட்டோ, மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதே கம்ப்யூட்டரில் அவள் பெயரிலேயே கிடந்தன. அழிக்க ரேணுகாவுக்கு மனம் வந்திருக்கவில்லை. மணி நாலு பதினேழு. அம்மாக்கண்ணு மகளுக்குப் போன் போட்டு, ரேணுகாவிடம் நீட்டினாள்.

விஷயத்தைச் சொன்னதும் மிஷின் சத்தத்துக்கு நடுவே அன்பரசியின் குரல் பயந்து பயந்து வந்தது.

"யக்கா... கரண்ட் இருக்குதா?"

ரேணுகா இடதுகையை மறுபடியும் பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோனாள். சூடு வெளியே வந்துகொண்டிருந்தது. வலதுகையால் புது விண்ணப்பத்தைத் திறந்து அன்பரசியின் போன் நம்பரை அடித்தாள்.

"இருக்குதும்மா" என்றாள். "உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு. அத்தச் சொல்லு."