பன்னிரண்டாவது ஆள்

என் பெரிய நைனா இரண்டு முறை முன்னெச்சரிக்கையாகக் கைது செய்யப்பட்டார். முதல் முறை அவர் உயிரோடு இருந்தார்.

இரண்டாவது முறை ஒரு வியாழக்கிழமை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு; முழு ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. நேரங்களை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் என் ஞாபகசக்தி அல்ல. அம்மா அந்த நாளைப் பல வருடங்கள், நிமிடம் பிசகாமல், சொல்லிச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்.

கோவில்பதாகையில் எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆந்திராக்காரர் யாராவது கேட்டால் இது எந்த ஊர் பாஷை என்று விசாரிப்பார், அப்படிப்பட்ட தெலுங்கு. அப்பாவை நைனா என்போம், அவருடைய அண்ணனைப் பெரிய நைனா. பெரிய நைனா ஒரு மன்றம் வைத்திருந்தார். அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பள்ளியில் ஆறு வருடமாகக் காலியாகக் கிடந்த தெலுங்கு வாத்தியார் இடத்தை நிரப்ப வேண்டும், பத்தாம் வகுப்பில் எங்கள் பிள்ளைகளைத் தாய்மொழியிலும் ஒரு பரீட்சை எழுத விட வேண்டும். கோரிக்கை அவ்வளவுதான். இதற்காக அவர்கள் செய்த அதிகபட்ச அராஜகம், ஒரு அமைச்சருக்குக் கறுப்புக்கொடி காட்டியது. அதுவும் பஸ் தாமதமாகி, அமைச்சரின் கார் போய்க் கால் மணி நேரம் கழித்து. ஆனாலும் பன்னிரண்டு பெயரும் ஸ்டேஷன் பட்டியலில் ஏறிவிட்டன. அடுத்த முறை ஒரு அமைச்சர் வந்தபோது பன்னிரண்டு பேரையும் விடியலிலேயே அள்ளிப்போய் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, அவர் ஊர் திரும்பியதும் விட்டார்கள்.

நைனாவுக்கு இதெல்லாம் அறவே பிடிக்காது. ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. மன்றத்தால் தன் வேலைக்கு ஆபத்து என்று அண்ணனோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். பெரிய நைனா மாரடைப்பில் இறந்து, முதல் திவசமும் முடிந்த பிறகு, நைனாவுக்கு நிரந்தர வேலைக்கான அழைப்பு வந்தது. வியாழன் காலை பத்தரைக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். பிறகு போலீஸ் விசாரணை. எந்த வழக்கிலும் போராட்டத்திலும் பெயர் இல்லை என்று ஸ்டேஷன் எழுதிக் கொடுத்தால் வேலை உறுதி.

அதே வியாழக்கிழமை பூந்தமல்லிப் பக்கம் ஒரு அமைச்சர் வருவதாக இருந்தது.

ஆறு நாற்பதுக்கு ஏட்டு வந்து பெரிய நைனாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பழகிய மனிதர்தான். அம்மா சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

"பாக்குறேம்மா. போட்டோல மாலை கீது. லிஸ்ட்ல மாலை இல்லியே, நான் இன்னா பண்றது?"

நைனா இறப்புச் சான்றிதழின் நகலை எடுத்துவந்து நீட்டினார். ஏட்டு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கையில குடுக்காத நைனா. எஸ்.ஐ. அய்யா புச்சு. ஒரு நட ஸ்டேஷனுக்கு வந்து நீயே குட்டுட்டு போய்டு."

அம்மா போக வேண்டாம் என்றார். எந்தக் காகிதமும் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஜாதி நைனா. "அஞ்சு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, புதுச் சட்டையோடு, சான்றிதழ்ப் பையையும் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் ஏட்டின் பின்னாலேயே போனார். அப்போது ஏழு பத்து.

எட்டே முக்கால் வரை அவர் வரவில்லை, கைப்பேசியும் எடுக்கவில்லை. என் பள்ளி வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். நைனா ஸ்டேஷனில் இல்லை. மண்டபத்தில் இருந்தார்.

முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் வாசலில் நின்றது. உள்ளே மன்றத்தின் பதினோரு பேரும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது நாற்காலியில் நைனா. அம்மா நேராகப் புது எஸ்.ஐ.யிடம் போனார்.

"செத்துப்போனவருக்குப் பதிலா உயிரோட இருக்கறவர உட்கார வெப்பீங்களா சார்?"

எஸ்.ஐ. இளைஞர், தெற்கத்திக்காரர். கத்தவில்லை, அதுதான் கொடுமை. பொறுமையாக விளக்கினார். "பன்னெண்டு பேர்னு காலையிலேயே மேல சொல்லியாச்சும்மா. பதினொண்ணுன்னு சொன்னா, ஒருத்தன் தப்பிச்சு வெளிய சுத்துறான்னு அர்த்தம். அப்புறம் அவனைத் தேடணும்."

"அவரத் தேட நீங்க சுடுகாட்டுக்குத்தான் போவணும்."

அப்போது நைனாவுக்கு உதவி செய்ய மன்றத்தின் செயலாளர் எழுந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். "சார், இவன்லாம் மெம்பரே கெடியாது. அண்ணன் செத்த அன்னிக்கி எங்க பேனரக்கூட வாசல்ல கட்ட வுடல. சரியான பயந்தாங்குளி சார், வுட்ருங்க."

இப்படி ஒரு சிபாரிசு. நைனா தலையைக் குனிந்துகொண்டார். எஸ்.ஐ. ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். நான் இந்த மன்றத்தின் உறுப்பினர், இன்று எந்தப் போராட்டமும் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் உடனே போகலாம்.

"உறுப்பினரே இல்லியே சார். இல்லன்னே எழுதித் தரேன்."

"உறுப்பினரா இல்லாதவனை எதுக்குய்யா பிடிச்சேன்னு என்னைக் கேப்பாங்களே."

மணி ஒன்பது ஐம்பது. தொழிற்சாலை வாசலுக்கு ஸ்கூட்டரில் இருபது நிமிடம். நைனா பேனாவைத் திறந்தேவிட்டார். ஏட்டு குனிந்து, நாற்காலியைச் சரிசெய்வதுபோல அவர் காதருகே சொன்னார்: "உம் பேருல எய்தாத நைனா. உன் வேலைக்கி விசாரண எங்க ஸ்டேஷனுக்குத்தான் வரும். எய்தி குட்டேன்னா அதுவே சாட்சி. கம்னு அண்ணன் பேருலயே சாயந்தரம் வரிக்கும் குந்திகினு இரு. உம் பேரு எங்கியும் வராது."

நைனா பேனாவை மூடினார்.

அம்மா என்னோடு தொழிற்சாலைக்கு ஓடினார். பத்து முப்பத்தெட்டு. வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. ஆளுக்குப் பதில் ஆள் வந்தால் ஆகாதாம், சம்பந்தப்பட்டவரே வர வேண்டுமாம். அந்த ஊரில் அன்றைக்கு அந்த விதியைக் கடைப்பிடித்த ஒரே மனிதர் அவர்தான். பிறகு உள்ளே ஃபோன் செய்து கேட்டுச் சொன்னார்: வராததற்கான காரணத்தைத் தகுந்த ஆதாரத்தோடு மூன்று நாளில் எழுதிக் கொடுத்தால் வேறு தேதி தருவார்களாம். "இன்னாத்துக்கு வரல அவரு?" என்று கேட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கே திரும்பினார்.

சாயங்காலம் ஐந்தே காலுக்கு மண்டபத்தில் பெயர் வாசித்து ஒவ்வொருவராக விட்டார்கள். பெரிய நைனாவின் பெயரை வாசித்தபோது நைனா கையை உயர்த்தி, "இருக்கேன் சார்" என்றார். செயலாளர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வகுப்பில் அடுத்தவனுக்கு வருகை சொன்னால் முட்டி போட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நைனா ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஐயா, வணக்கம்" என்று எழுதி நிறுத்தினார்.

காய்ச்சல் என்று எழுதச் சொன்னேன். நான் எழுதிய எல்லா விடுமுறைக் கடிதங்களிலும் காய்ச்சல்தான், ஒருமுறையும் பொய்த்ததில்லை. டாக்டர் சீட்டு கேட்பார்கள் என்றார்.

"ஊட்ல சாவுன்னு எழுதுங்க. பொய்யில்லியே" என்றார் அம்மா.

"சர்டிபிகேட்டுல தேதி கீதே."

"அப்ப நடந்தத அப்பிடியே எழுதுங்க. போலீஸு புடிச்சிகினு போச்சுன்னு."

நைனா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி பேனாவை மூடினார்.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. இரண்டு சொற்களோடு அந்தத் தாள் டிவிமேல் கிடந்தது. நைனா போகும்போதும் வரும்போதும் எடுத்துப் பார்ப்பார், வைப்பார். ஞாயிற்றுக்கிழமை மாலை, பொறுக்க முடியாமல், என் பழைய விடுமுறைக் கடிதம் ஒன்றைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, பார்த்து எழுதுங்கள் என்றேன். முழுதாக நாலு வரி. அவர் அதை வரி வரியாகப் படித்தார், என் கையெழுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னார், திருப்பிக் கொடுத்துவிட்டார். இவ்வளவு வயதாகியும் ஒரு மனிதருக்கு லீவ் லெட்டர்கூட எழுதத் தெரியவில்லையே என்று எனக்கு அன்று அத்தனை எரிச்சலாக இருந்தது.