பவுலின் காவல் காத்த பன்னிரண்டு பெயர்கள்

பவுலினுக்கு அப்போது இருபத்தாறு வயது. வீடு மர்பி டவுனில். அப்பாவுக்கு வேலை போனபின் அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. வைட்ஃபீல்டில் நான் துடைத்துப் பெருக்கிய அலுவலகத்தின் நான்காம் மாடியில், கண்ணாடிச் சுவரை ஒட்டி அவள் மேசை. சுவருக்கு அந்தப் பக்கம் சர்வர்கள். 2003ஆம் வருஷம்.

ஒரு சர்வருக்குள் நூற்றுக்கணக்கான புரோகிராம்கள் ஓடுமாம். எல்லாவற்றையும் ஒருத்தியால் பார்க்க முடியாது. நின்றால் வாடிக்கையாளரின் வேலையும் நின்றுவிடும் என்கிற பன்னிரண்டை மட்டும் பொறுக்கி அவள் திரையில் போட்டிருந்தார்கள். ஓடினால் பெயர் பச்சை, நின்றால் சிவப்பு. சிவப்பானால் உடனே திரும்ப ஓடவிட்டு, நின்ற நேரத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

போன மாதம் அவள் பாத்ரூம் போயிருந்தபோது ஒரு பெயர் சிவப்பாகி இருபது நிமிஷம் அப்படியே கிடந்தது. மேனேஜர் வைத்தீஸ்வரன் சத்தம் போடவில்லை. "இன்னொரு தரம் ஆச்சுன்னா, கான்ட்ராக்டை நீட்டச் சொல்லி நான் எழுத மாட்டேன்மா" என்றார். மார்ச்சோடு கான்ட்ராக்ட் முடிகிறது. அன்றிலிருந்து அவள் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். நான் வைத்த டீ ஆடை கட்டித் திரும்பி வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு போன் அடித்தது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் டெஸ்பாட்ச், சரக்கு அனுப்புகிற பிரிவு. பவுலின் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், கிருஷ்ணப்பா. சலான் பிரின்ட் ஆகல. ஆறு லாரி கேட்டுல நிக்குது."

"இங்க பச்சையாத்தான் சார் ஓடுது."

"பச்சையோ மஞ்சளோ, எனக்குப் பேப்பர் வேணும் மேடம்."

சரக்கோடு போகிற சீட்டுதான் சலான்; அது இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. அவள் வைத்தீஸ்வரனிடம் ஓடினாள். அவர் வந்து திரையைப் பார்த்தார். "பச்சையா இருக்கில்ல? அப்ப தப்பு நம்ம மேல இல்ல. அவங்க பிரின்டரைப் பார்க்கச் சொல்லு."

பத்து மணிக்கு மறுபடி போன். இந்தத் தடவை கிருஷ்ணப்பாவின் குரல் தாழ்ந்திருந்தது. "பிரின்டரைக் கழட்டி, மாட்டி, எல்லாம் பண்ணியாச்சு மேடம். நான்தான் எதையோ நோண்டிக் கெடுத்துட்டேன்னு எங்க சாரு மெமோ டைப் பண்றாரு. இன்னொரு வாட்டி பாருங்க, ப்ளீஸ்."

பவுலின் போனை வைத்துவிட்டுத் திரையில் வேறொரு ஜன்னலைத் திறந்தாள். சர்வரில் ஓடுகிற எல்லாவற்றின் பட்டியலும் அதில் வந்தது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு இறங்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அக்கா, அது செத்து ஒரு மணி நேரமாச்சு" என்றாள். பக்கத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

சலான் புரோகிராம் ஒன்பது பத்துக்கே நின்றிருந்தது. அதற்குச் சற்று முன்பு அதன் லாக் ஃபைலை, அது செய்த வேலைகளின் பதிவுக் கோப்பை, படிக்கத் திறந்தவள் மூடவில்லை. அந்தக் கோப்புக்கும் அதே பெயர்; திறந்தே கிடந்ததால் அதுவும் பட்டியலில் வந்திருந்தது. பட்டியலில் எங்கேயாவது அந்தப் பெயர் இருந்தால் போதும், புரோகிராம் ஓடுகிறது என்று கணக்கு வைத்துப் பச்சை காட்டும்படி கண்காணிக்கிற 'செக்' எழுதப்பட்டிருந்தது. அவள் திறந்து வைத்ததையே அது புரோகிராம் என்று எடுத்துக்கொண்டது.

புரோகிராமை ஓடவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் போன். "வருது மேடம், வருது." பின்னால் பிரின்டர் கரகரவென்று ஓடுவது கேட்டது.

அப்புறம் நோட்டை எடுத்தாள். பேனா தாளில் படவில்லை. பத்து மணி பன்னிரண்டு நிமிஷம் என்று எழுதினால் போதும், இப்போதுதான் நின்றது, உடனே சரிசெய்தேன் என்று ஆகிவிடும். யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை.

வைத்தீஸ்வரன் வந்து நின்றார். "எப்ப நின்னுது?"

"ஒன்பது பத்து சார். நான் லாக் ஃபைலைத் திறந்தே வச்சுட்டேன். செக் அதைப் பார்த்துப் பச்சை காட்டிடுச்சு."

"அந்த செக் எழுதினது நான்."

"தெரியும் சார்."

அவர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தார். "பத்து பன்னிரண்டுன்னு போட்டுடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அப்ப அதுக்கு முன்னால நின்னது கிருஷ்ணப்பா சார் தப்புன்னு ஆயிடுமே, அவருக்கு மெமோ வருமே?"

பவுலின் ஒன்பது பத்து என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம் வரை கதவு திறக்கவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் சிவந்திருந்தது. பிறகு அவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார். "மத்த பதினொண்ணையும் டெஸ்ட் மெஷின்ல நிறுத்திப் பார்ப்போம். நீ ஃபைலைத் திற" என்றார். ஏழு பெயர்கள் செத்தபின்னும் பச்சையாகவே நின்றன. ஒவ்வொன்றையும் அவர் திருத்த, அவள் மறுபடி நிறுத்திப் பார்த்து, சிவப்பு வந்தபின் அடுத்ததற்குப் போனார்கள். சாயங்காலம், தவறு எங்களுடையது என்று பீன்யாவுக்கு ஒரு கடிதம் பேக்ஸில் போனது.

மார்ச் கடைசியில் பவுலினுக்குக் கவர் வந்தது. மற்றவர்களுக்குக் கான்ட்ராக்டை ஒரு வருஷம் நீட்டியிருந்தார்கள், அவளுக்கு மூன்று மாதம். நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.