ஆவுடையம்மாள் தொடாமல் சொன்ன கிடேரி

என் மனைவி ஆவுடையம்மாள் ஒரு கிடேரியைப் பார்க்கிற அக்கறையில் கால்வாசிகூட என்னைப் பார்த்ததில்லை. என் சட்டை முதுகுப்பக்கம் கிழிந்து ஒரு மாதமானாலும் அவள் கண்ணில் படாது. மாடு என்றால் வால் நுனியில் ஒட்டிய உண்ணிகூடத் தப்பாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவளைக் கட்டிக்கொண்டது என் அதிர்ஷ்டம் என்று ரங்கூன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

எங்கள் வீடு தாம்வேயில். எனக்குப் போட்டாதாங் கப்பல் ஜெட்டியில் மூட்டை நிறுக்கிற வேலை. வீட்டிலிருந்து ஒன்றரை மைலில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பர்கத்துல்லா பாயின் மாட்டுக் கொட்டடி இருந்தது. மாவ்பிப் பக்கத்துப் பர்மியக் குடியானவர்கள் விற்கிற மாடுகள் செவ்வாயும் வெள்ளியும் காலையில் அங்கே வந்து சேரும். சாயங்காலம் கறிக்குப் போய்விடும். கூட்டத்தில் இளங்கிடேரி இருந்தால் மட்டும் பாய் நிறுத்தி வைப்பார். அது கன்று போடுமா என்று ஆவுடை பார்த்துச் சொல்ல வேண்டும். போடும் என்றால் கொம்பில் சிவப்புத் துணி கட்டுவாள். அது வளர்ப்புக்குப் போகும். துணி இல்லாதது மற்றவற்றோடு உள்ளே போகும். பதினோரு வருஷமாக இதுதான் நடைமுறை. கூலி, கொட்டடிச் சாணம்.

எதிர்வீட்டுப் பவுனம்மாளுக்கு இது பொறுக்காது. "மாடு வெட்டற எடத்து வாசல்ல நிக்கிறவ கோயில் படி ஏறலாமாடி?" என்று குழாயடியில் கேட்டிருக்கிறாள். ஆவுடை குடத்தை இறக்காமலே சொன்னாளாம்: "நான் நிக்கலேன்னா எல்லாம் உள்ள போவும். நின்னா நாலு வெளிய வருது. நீ வந்து நில்லு, நான் கோயிலுக்குப் போறேன்." அதற்குப் பிறகு பவுனம்மாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் மாடு பார்க்கிற அழகே அழகு. முதலில் கிடேரி நடப்பதைப் பார்ப்பாள். பின்னால் போய் இடுப்பெலும்பு இரண்டுக்கும் நடுவே சாண் வைத்து அளப்பாள். அங்கே குறுகலாக இருந்தால் கன்று வெளியே வரச் சிரமம். குனிந்து மடிப்பக்கம் கையை விட்டு நாலு காம்பும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று தடவுவாள். உதைக்கிற கிடேரியைச் செல்லமாகத் திட்டுவாள்: "உன் மாமியா வீட்டுலயும் இப்பிடித்தான் ஒதைப்பியா மூதேவி?" கடைசியில், விற்க வந்தவரிடம் விவரம் கேட்பாள். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்தது என்றால் அதோடு சரி, அநேகமாக மலடாகத்தான் இருக்கும். இவ்வளவும் முடிந்த பிறகு ஒரே வார்த்தை. சொன்ன சொல்லை அவள் மாற்றி நான் பார்த்ததில்லை, வீட்டிலும்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் ஆடி மாதத்துக் கடைசி வெள்ளி. ஜெட்டிக்கு லீவு சொல்லிவிட்டு நானும் அவளோடு கோயிலுக்குக் கிளம்பினேன். தலைக்குக் குளித்து, நான் வாங்கிக் கொடுத்த அரக்குப் பட்டுடுத்தி, அம்மனுக்குப் பால்குடம் எடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை எப்போதும் கொட்டடி வழியாகத்தான் கோயிலுக்குப் போவாள். குளித்துச் சுத்தமாக இருக்கிறபடியால் அன்றைக்கு மாட்டைத் தொடமாட்டாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தும் கேட்டும் சொல்லிவிட்டுப் போவாள். அவள் கண்ணுக்கு அது போதும் என்று பாயும் நம்பினார், நானும் நம்பினேன்.

அன்று ஒரே ஒரு கிடேரி நின்றது. சந்தன நிறம். மழையில் மாவ்பியிலிருந்து நடந்து வந்ததில் வயிறு வரைக்கும் சேறு அப்பியிருந்தது. கொண்டுவந்தவர் கோ பா சோ என்கிற பர்மியக் குடியானவர். பர்மியப் பேச்சு ஆவுடைக்கு என்னைவிட நன்றாக வரும். ஆறு மாதமாகக் கிடேரி காளைக்குக் கத்தவே இல்லை, தன் வீட்டில் காளையும் கிடையாது, மலட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார் அவர். ஆவுடை வேலியோரம் நின்று நடையைப் பார்த்தாள். பால்குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"சினை புடிக்காது அண்ணே," என்றாள் பாயிடம். துணி கட்டச் சொல்லவில்லை.

கோயிலில் கூட்டமான கூட்டம். வீடு திரும்பிச் சாப்பிட உட்காரும்போது மணி இரண்டரையாகிவிட்டது. அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு மாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் சாப்பாட்டின்போது வாய் சும்மா இருக்காதே.

"அந்தக் கிடேரி ஆறு மாசமா கத்தலேன்னாரே, அதுக்கு முன்னாடி கத்துச்சாமா?" என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது.

"கேக்கலியே."

"கேட்டா என்னவாம்?"

"முன்னாடி கத்திட்டு அப்புறம் நிறுத்துச்சுன்னா அது மலடில்லீங்க, சினை!" அவள் கரண்டியைச் சட்டியில் போட்டாள். "அவுரு வீட்டுல காளை இல்லாட்டி என்ன? தையில அறுப்பு முடிஞ்சா வயக்காடு பூரா ஊர்க் காளைங்க அவுத்துவிட்டு மேயுது. பொழுதன்னைக்கும் பாக்கிறேன், எனக்குத் தெரியாதா? அய்யோ, ஏங்க, கெளம்புங்க!"

மாடுகளை மூன்று மணிக்கு உள்ளே ஓட்டுவார்கள். வாழ்நாளில் லஞ்சா வண்டியில் ஏறாதவள், மனுஷனை மனுஷன் இழுப்பதா என்று என்னிடம் சண்டை பிடிக்கிறவள், தெருவில் போன வண்டியை மறித்து ஏறிக்கொண்டு, "ஓடுப்பா, ஒரு உசுரு போவுது" என்று கத்தினாள். எச்சில் கையோடு நான் பின்னால் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்வரிசை மாடுகள் நகர ஆரம்பித்திருந்தன. கிடேரி நடுவில் நின்றது. தரகர்கள், குடியானவர்கள் என்று இருபது பேருக்கு முன்னால் ஆவுடை சொன்னாள்: "பாயண்ணே, நான் தப்பாச் சொல்லிட்டேன். அதை நிறுத்துங்க."

 பாய் கையைத் தூக்கி ஓட்டத்தை நிறுத்தினார். யாரோ சிரித்தார்கள். எனக்கு அடிக்கவேண்டும் போலிருந்தது.

டீக்கடையில் இருந்த கோ பா சோவைக் கூட்டிவந்து கேட்டார்கள். ஆமாம், மார்கழியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு கத்தியது என்றார். ஆவுடை பட்டுப் புடவையோடு சேற்றில் இறங்கினாள். கிடேரிக்கு ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் வைத்தாள்; வயிற்றில் குளிர்ச்சி இறங்கினால் கன்று அசையுமாம். அது குடிக்கும்போது குனிந்து மடியில் அப்பிய சேற்றை வழித்தாள். மடி இறங்கத் தொடங்கியிருந்தது. வலப்பக்க வயிற்றில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். தண்ணீர் பாதி வாளி இறங்கியது.

"அண்ணே, இங்க கை வையுங்க," என்றாள்.

பாய் வைத்தார். உள்ளே கன்று புரண்டதும் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.  "அல்லாவே! அவர்கிட்ட முன்னாடியே ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே தங்கச்சி," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோ பா சோ கிடேரியின் கயிற்றை வாங்கிக்கொண்டு, விற்கவில்லை, விற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே ஊர்ப்பக்கம் நடந்தார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அவளைத் தேற்றுவதற்காக, என் ஒரு கேள்விதான் மாட்டைக் காப்பாற்றியது, இனிமேல் துணியை என்னிடம் கொடு என்று வம்புக்கு இழுத்தேன். அவள் சிரிக்கவில்லை. ரயில் பாதை வந்ததும் நின்றாள்.

"பதினோரு வருஷம், எத்தனை வெள்ளிக்கெழமைங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. தொடாமலே உள்ளே அனுப்பியவை எத்தனை என்று கேட்கிறாள்.  நடுத்தெருவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சேறும் மாட்டு வாடையுமாக இருந்த கை. அதைவிட எனக்குப் பிரியமானது எதுவும் இந்த ஊரில் கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளிக்காமல் கொட்டடிக்குப் போனாள். ஐந்து கிடேரிகள் வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வைத்து, குனிந்து தடவி, விற்றவர்களைக் குடைந்து குடைந்து கேட்டு, நாலுக்குத் துணி கட்டினாள். ஐந்தாவதன் முன் வெகுநேரம் நின்றுவிட்டு இல்லையென்று தலையசைத்தாள். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓடுவதற்குள் நடை சாத்திவிட்டார்கள்.

பூட்டிய கதவுக்கு வெளியே நின்று அம்மனைக் கும்பிட்டாள். அழுதுகொண்டே கும்பிட்டாள். சாயங்காலம் திறப்பார்கள், காத்திருக்கலாமா என்றேன். "வேண்டாங்க, அவளுக்குத் தெரியும்," என்றாள்.